பதினெட்டுப் பேருக்கு மூன்று சகன்

வாடிவீட்டு ஊழியர் சங்கத்து இளைஞர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு என்னிடம் ஐந்து பக்கம் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் நாலு கேள்விகள். முதல் மூன்றும் வெள்ளைக்காரத் துரைமாரின் விருந்துகளைப் பற்றியவை. எந்தத் துரை எந்தக் கதிரையில் இருந்தார், என்ன குடித்தார் என்பதையெல்லாம் நான் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். எழுதி வைக்கத் தக்கதாக அதில் ஒன்றுமில்லை. நாலாவது கேள்வி இது: “இதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சாப்பிட வந்தவர் கேட்டால், பரிமாறுகிறவர் எவ்வளவு தூரம் பதில் சொல்ல வேண்டும்?”

இப்போது பெரிய ஹோட்டல்களில் அச்சடித்த அட்டை ஒன்றை நீட்டி விடுகிறார்களாம். அந்த அட்டையை எழுதியவர் சமையல் நடக்கும் குசினிக்குள் ஒருமுறையாவது போனாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. எனக்கு அதை நினைத்தாலே பதற்றமாக இருக்கிறது. ஆகவே நாலாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஐந்து பக்கத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுவோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். முடிவை வெட்டாமல் இந்த முதல் பக்கத்தை வெட்டினால் நல்லது.

நான் வேலை செய்தது நாற்பத்தொரு வருடம். கடைசி முப்பதும் அரசாங்க வாடிவீடுகளில், பயணிகளுக்குச் சோறும் கட்டிலும் கொடுத்து. முதல் பதினொன்றும் தலைமன்னார்த் துறையடியில், ஓர் இத்தாலியக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கடையில். யுத்தம் வந்து, இத்தாலி எதிரி நாடாகி, அவர்களை மலைநாட்டு முகாமுக்குக் கொண்டுபோன பிறகுதான் நான் வாடிவீட்டு வேலைக்கு மனுப் போட்டேன்.

கடைக்காரர் பெயர் பத்திஸ்தா. ஜெனோவாத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு மலைக் கிராமத்தவர். கப்பல் அணையும் பாலத்துக் கல்வேலைக்கு வந்து, வேலை முடிந்தும் போகாமல் நின்றுவிட்டவர். பிறகு ஊரிலிருந்து மனைவி ரோசாவை அழைப்பித்துக் கொண்டார். அவரைத் துரை என்போம், அந்த அம்மாவை நோனா என்போம். நோனா பேசாலை மீன்காரப் பெண்களிடம் தமிழ் கற்றவ. ஆகையால் பாதிரியார் வந்தாலும் ‘நீ’ என்றுதான் பேசுவா. நானும் பேசாலைக்காரன்; பெயர் செபமாலை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். கப்பல் பயணிகளோடு இங்கிலீசு பேச ஆள் தேவைப்பட்டதால் என்னை எடுத்தார்கள்.

முதல் வருடம் மேசை துடைத்தேன். இரண்டாம் வருடம் சாப்பாட்டுப் பீங்கான் தூக்கினேன். மூன்றாம் வருடந்தான் குசினிக்குள் விட்டார்கள். பழகியது இவ்வளவுதான்.

கடையில் ஆறு மேசை, இருபத்துநாலு கதிரை. சாப்பாட்டுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. அன்று நோனா தன் குடும்பத்துக்கு என்ன சமைத்தாவோ அதுவே வந்தவர்களுக்கும். தனுஷ்கோடியிலிருந்து வரும் பகல் கப்பலின் பயணிகள், சுங்கமும் வைத்தியச் சோதனையும் முடித்து ரயில் ஏறுமுன் எங்களுக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம். அதற்குள் சூப்பு, மா நாடா, மீன், பழம் என்று நாலு தரம் மேசைக்குப் போய்வர வேண்டும். மா நாடா என்று நாங்கள் சொன்னது, கோதுமை மாவை மெல்லிய தகடாக உருட்டி, விரலகலத்துக்கு வெட்டி, அவித்து எடுப்பது. அதற்கு மேல் ஒரு பச்சைச் சம்பல். எங்கள் பக்கத்தில் சர்பத்தில் ஊறப்போடும் கசகசா விதை இருக்கிறதே, அந்தச் செடியின், திருநீற்றுப்பச்சையின், இலைதான் அதற்கு வேண்டும். ஒரு ஆளுக்கு முப்பது இலை. கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக்கி, கத்தி படாமல், கல்லுரலில் உப்பும் வெள்ளுள்ளியும் இட்டு, குத்தாமல் சுழற்றி அரைக்க வேண்டும். அவர்களின் ஊரில் ஏதோ ஒரு மரத்தின் கொட்டை சேர்ப்பார்களாம். இங்கே மரமுந்திரிப் பருப்பு. கடைசியில் பாற்கட்டித் துருவலும் ஒலிவ எண்ணெயும். அரைத்து ஐந்து நிமிடத்துக்குள் மேசைக்குப் போகாவிட்டால் பச்சை கறுத்துவிடும். அந்த வாசனையை அதன் பிறகு எந்த வாடிவீட்டிலும் நான் முகரவில்லை. வீட்டில் ஒரு தொட்டியில் அந்தச் செடியை வளர்க்கிறேன். இலையைக் கசக்கி முகர்ந்தாலும் அது வேறு மாதிரித்தான் இருக்கிறது.

துரையின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் செய்த பிழையை அவர் அன்றைக்குச் சொல்லமாட்டார். மறுநாள் காலை போஞ்சிக்காய்க்கு நார் எடுக்கும்போது, காயைப் பார்த்தபடி, “நேற்று மூன்றாம் மேசையில் தண்ணீர் வைக்க மறந்துவிட்டாய்” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்துக்காக நான் முதல்நாள் பின்னேரம் முழுவதும் பிழைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஏசியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும்.

அசன் மரைக்கார் கடைக்கு வரத் தொடங்கியது என் மூன்றாம் வருடத்தில். எருக்கலம்பிட்டிக்காரர், மூன்று தோணிக்குச் சொந்தக்காரர், துறையடியில் கருவாட்டுக் கிட்டங்கி வைத்திருந்தார். ஐந்து மாதம் பாலில்லாத தேநீர் மட்டும் குடித்தார். பிறகு ஒரு நாள் துரையைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தப் பச்சைச் சம்பல் வாசம் மனுசனைக் கொல்லுது. ஆனா உங்கட குசினியில பண்டி வேகுது, வைன் ஊத்துறாங்க. அது ரெண்டும் படாத சட்டி ஒண்டாவது இருக்கா?”

“இல்லை, மரைக்கார்.”

“இல்லை எண்டு சொன்னியே, அது போதும். உண்டாக்கலாமா?”

நோனாவோடு ஒன்பது நாள் வாக்குவாதம் நடந்தது. பன்றிக் கொழுப்பு இல்லாமல் போஞ்சிச் சூப்பு வைத்தால் தன் தாயின் கல்லறை அசையும் என்றா. கடைசியில் சம்மதித்தா. குசினியில் இருந்த பதினாலு சட்டிகளுக்கு மேல் புதிதாக ஆறு வாங்கினோம். ஆறின் கைப்பிடியிலும் செப்புக் கம்பி சுற்றினேன். அவற்றுக்கென்று தனி அகப்பை நாலு, தனித் தட்டு, கழுவத் தனித் தொட்டி. இறைச்சி மன்னாரில் முஸ்லிம் இறைச்சிக் கடையிலிருந்து. கம்பி சுற்றிய சட்டிகளை ஒவ்வொரு காலையும் நான் எண்ணிப் பார்ப்பேன். பிறகு மரைக்காரிடம் போய், “இண்டைக்கு எல்லாம் சரி” என்பேன். அவர் சாப்பிடுவார். அவர் சாப்பிடுகிறார் என்றதும் மற்ற வியாபாரிகளும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் பதினாலு பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். எல்லாரும் மரைக்காரின் வாக்கை நம்பினார்கள். மரைக்கார் என் வாக்கை நம்பினார்.

இப்படி ஆறு வருடம் போனது.

என் ஒன்பதாம் வருடத்தில் மரைக்காரின் மகளுக்குக் கீழக்கரையில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேர் ஒரு புதன்கிழமைப் பகல் கப்பலில் வருவதாக ஏற்பாடு. கப்பலால் இறங்கியவுடன் எங்கள் கடையில் சாப்பாடு, பிறகு எருக்கலம்பிட்டியில் பேச்சு. அக்கரை ஆட்களுக்குத் தான் எப்படிப்பட்டவர் என்று காட்ட மரைக்காருக்கு ஆசை.

“செபமாலை, இங்க கேளு: நாடா, பச்சைச் சம்பல், மீன். உங்கட அந்தப் பாணும் இருக்கோணும். அப்பிடிப் பாண் அவங்கட பக்கத்தில கண்ணால கண்டிருக்க மாட்டாங்க.”

நோனாவின் பாண் உண்மையில் நல்ல பாண். மேலே மொறுமொறுப்பு, உள்ளே தேன்கூடு மாதிரித் துளை. விடிய நாலு மணிக்கே மாப் பிசைந்து, நான் ஆறு மணிக்கு வரும்போது போறணைக்குள் வைத்துவிடுவா. போறணை என்பது கடைக்குப் பின்னால் துரை கட்டிய செங்கல் அடுப்பு. பாண் வெந்து வருவதைத்தான் நான் பார்த்தேன். பிசைவதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தப் புதன்கிழமை நான் வந்தபோது போறணை மூடிக் கிடந்தது. நோனா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றா. எதிரே மா கல்லுப் போலக் கிடந்தது.

“பொங்கேல்லை” என்றா.

“ஏன் நோனா? பொங்கவைக்கச் சேர்க்கிற பழைய புளிச்ச மா கெட்டுப்போச்சோ?”

“என்ன பழைய மா? ஊரில இருந்து கொண்டுவந்தது இந்த வெக்கையில நான் வந்த வருசமே செத்துப்போச்சு. சீவல்காரனுக்குக் காய்ச்சலாம், நேற்று வரேல்லை. கள்ளு இல்லாமல் பாண் எப்பிடியடா பொங்கும்?”

சீவல் தொழிலாளி ஒருவர் தினமும் பின்னேரம் ஒரு போத்தல் பனங்கள் கொண்டுவந்து குசினி வாசலில் வைப்பார். ஆறு வருடமாக அந்தப் போத்தலை நான் தினமும் பார்த்தேன். துரை குடிப்பதற்கு என்று நினைத்தேன். முதல்நாள் போத்தல் வராததையும் கவனித்தேன். துரை இன்றைக்கு விரதமாக்கும் என்று நினைத்தேன். துரைக்குக் கள்ளே பிடிக்காது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கதிரையில் இருந்துவிட்டேன்.

“நோனா, இதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே.”

“நீ கேட்டியா? சட்டியைக் கேட்டாய். பண்டியைக் கேட்டாய். வைன் போத்தலை மணந்துகூடப் பார்த்தாய். பாணைக் கேட்டியா?”

கேட்கவில்லை. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி, நோன்பு மாதத்து நாலைக் கழித்தால் நாற்பத்தெட்டு. ஆறு வருடத்துக்கு இருநூற்று எண்பத்தெட்டு. அத்தனை வெள்ளியும் “எல்லாம் சரி” என்று சொல்லி, கள் ஊற்றிய பாணை அவர்களுக்கு நானே வெட்டி வைத்திருக்கிறேன்.

துரை வந்தார். அவர் தமிழ் நோனாவின் தமிழைவிடத் திருத்தமானது, மெதுவானது.

“வெந்த பாணில் கள் இருக்காது.”

“அது உங்கட கணக்கு, துரை. அவையின்ர கணக்கு வேறை.”

துரை மாவை விரலால் அழுத்திப் பார்த்தார். “சரி. இன்றைக்குக் கள் வரவில்லை. ஆகவே இன்றைக்கு வருகிறவர்கள் கள் சாப்பிடப் போவதில்லை. கொழும்பிலிருந்து தகரத்தில் ஈஸ்ட் எடுக்கிறேன். இனிமேலும் சாப்பிடமாட்டார்கள். அப்படியானால் நீ யாருக்கு, எதைச் சொல்லப் போகிறாய்?”

அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்கு இன்றுவரை முழுமையாகத் தெரியாது. வாயை மூடியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிராது. மகளின் சம்பந்தம் பேசும் நாளில் ஒரு தகப்பனின் தலையில் இதைக் கொண்டுபோய்ப் போடுவது நல்ல காரியமும் அல்ல. ஆனால் ஒன்பது மணிக்கு மரைக்கார் வருவார். வந்து, வழக்கம்போல, எல்லாம் சரியா என்று கேட்பார். என்னால் “ஓம்” என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

“நான் சொல்லப் போறன், துரை.”

“சொன்னால் வெள்ளிக்கிழமைக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.”

“ஓம்.”

அவர் நோனாவைப் பார்த்தார். நோனா கல்லுப் போன மாவைத் தூக்கி வாளிக்குள் எறிந்தா. “அப்ப பாணுக்குப் பதிலா என்ன வைக்கிறது? கடலைமா இருக்கோ?”

கடலைமா ரொட்டி அவர்களின் மலைக் கிராமத்தில் ஏழைகளின் சாப்பாடு. ஒரு பங்கு கடலைமாவுக்கு மூன்று பங்கு தண்ணீர், உப்பு. கரைத்து நாலு மணித்தியாலம் வைத்து, அகன்ற தட்டில் எண்ணெய் விட்டு ஊற்றி, கொதிக்கும் போறணைக்குள் தள்ளினால், ஒரு விரல் கனத்தில், மேலே பொன்னாகப் பொரிந்து, உள்ளே களி போல வரும். பொங்க வைக்க ஒன்றும் வேண்டாம். ஆறரைக்கு நானே தண்ணீர் அளந்து கரைத்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே நுரை கட்டியது. எனக்கு மறுபடியும் பயம் பிடித்தது.

“நோனா, இது ஏன் நுரைக்குது?”

“அது மாவின்ர நுரையடா! வழிச்சு எறி. இனி நீ தண்ணியைக் கண்டாலும் கள்ளு எண்டுவாய்.”

அரை மணிக்கு ஒருதரம் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மரைக்கார் வெள்ளைச் சாரமும் புதுத் தொப்பியுமாக வந்தார். அவரைப் பின்னால் கிணற்றடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பாண் கள்ளில் பொங்கியது, ஆறு வருடமாக, எனக்கு இன்று காலைதான் தெரியும், பிழை என்னுடையது.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஆருக்கெல்லாம் தெரியும்?”

“துரை, நோனா, நான். இப்ப நீங்கள்.”

“சீவல்காரனுக்குத் தெரியும். அப்ப நாளைக்கு ஊருக்கே தெரியும்.” பிறகு சொன்னார்: “தெரியாமத் தின்டது குற்றமில்லை. அதை அல்லாஹ் மன்னிப்பான். ஆனா என்ர சொல்லை நம்பித் தின்ட ஆக்கள் இருக்கிறாங்களே, தம்பி. அவங்களுக்கு நான் என்ன முகத்தோட சொல்லுவன்?”

“என்ர பேரைச் சொல்லுங்கோ.”

“உன்ர பேரை ஆருக்கடா தெரியும்? அவங்களுக்கு என்ர பேருதான் தெரியும்.”

ஏசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடலைமா ரொட்டியைப் பற்றிச் சொன்னேன். எந்தத் தட்டில் சுடப் போகிறாய் என்று கேட்டார். எங்களிடம் அகன்ற தட்டு இரண்டு இருந்தன, இரண்டிலும் பன்றி வெந்திருக்கிறது என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கால்மணி நேரத்தில் கிட்டங்கியிலிருந்து ஓர் ஆள் மூன்று சகன் தட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய செப்புத் தட்டு அது. பதினெட்டுப் பேருக்கு மூன்று. கணக்குச் சரியாக இருந்தது. அவர் விருந்தை நிறுத்தப் போவதில்லை என்று அதைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

கப்பல் பதினைந்து நிமிடம் பிந்தி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மெலிந்த, வெள்ளைத் தாடிக்காரர். மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தோம். ஆறாறு பேராக இருந்தார்கள். மூன்று சகனிலும் ரொட்டி, போறணையிலிருந்து வந்த சூட்டோடு, ஓரம் பொரிந்து கிடந்தது. நடுவில் பச்சைச் சம்பல். வாசனை எழும்பியது. ஒருவர் கையை நீட்டினார்.

“கொஞ்சம் பொறுங்க” என்றார் மரைக்கார். அவர் உட்காரவில்லை. “சம்மந்தி, ஒரு விசயம் சொல்லிப்போட்டுத்தான் சாப்பிடச் சொல்லுவன். இந்தக் கடைப் பாண் பனங்கள்ளில பொங்கினது. ஆறு வருசம் தெரியாம நானும் தின்டன், மத்தவங்களையும் தின்னச் சொன்னன். காலமைதான் தெரியும். இண்டைக்குப் பாண் இல்லை. இது கடலைமா, தண்ணி, எண்ணெய், உப்பு. தட்டு என்ர தட்டு.”

கையை நீட்டியவர் அதை மடியில் வைத்தார். துரை குசினி வாசலில் நின்றார். நோனா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றா.

தாடிக்காரர் கேட்டார்: “இது இன்னின்னதுன்னு யாரு பாத்தா?”

மரைக்கார் என் பக்கம் கையைக் காட்டினார். “இவர் பாத்தவர்.”

“நீ பாத்தியாப்பா?”

“ஓம். நான்தான் கரைச்சனான்.”

“அப்போ ஆறு வருசமா பாண ஏன் பாக்கல?”

“பாக்காதது என்ர பிழை. கேக்கவும் இல்லை. பாண் வேறை, கறி வேறை எண்டு நினைச்சிட்டன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மரைக்காரைப் பார்த்தார். “மரைக்காரே, நான் இங்க தண்ணிதான் குடிப்பேன். சந்தேகம் வந்த எடத்துல எங்க வாப்பா கை நனைக்கமாட்டாங்க, நானும் அப்படித்தான். கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு. பொண்ணெடுக்க வந்த எங்கள உக்கார வெச்சு, தன் கொறைய தானே எந்திரிச்சு நின்னு சொன்ன ஆள நான் இப்பத்தான் பாக்குறேன். சாப்புடுறவங்க சாப்புடட்டும். பேச்ச ஊட்டுல போயிப் பேசுவோம்.”

பதினொரு பேர் சாப்பிட்டார்கள். ஏழு பேர் சாப்பிடவில்லை. அந்த ஏழு பேருக்கும் வாழைப்பழம் கொடுத்தேன், நாலு பேர் எடுத்தார்கள். சம்பந்தம் அன்று பின்னேரமே முடிவாயிற்று. கலியாணம் நடந்தது. எனக்கும் மரைக்கார் சொல்லி அனுப்பியிருந்தார், போக வெட்கமாக இருந்ததால் போகவில்லை.

மறுநாள் போஞ்சிக்காய்க்கு நார் எடுக்கும்போது துரை ஏதாவது சொல்லுவார் என்று பார்த்திருந்தேன். காய் முடிந்த பிறகுதான், “நாளை காலை நாலு மணிக்கு வா” என்றார். அன்றிலிருந்து பாண் பிசையும்போது நானும் நின்றேன். தகரத்து ஈஸ்டைத் திறப்பதும் நான், அளப்பதும் நான்.

மரைக்கார் ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நின்று எல்லாருக்கும் தானே சொன்னாராம். அந்த வெள்ளி எங்கள் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. மூன்றாவது வெள்ளி மரைக்கார் தனியாக வந்தார். வந்தவர் மேசைக்குப் போகாமல் நேரே குசினிக்குள் போனார். சட்டிகளைத் திறந்து பார்த்தார், எண்ணெய்த் தகரத்தை மணந்தார், கடலைமாப் பானைக்குள் விரலை விட்டார். பிறகு வந்து இருந்து சாப்பிட்டார். பாணைத் தொடவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். மெல்ல மெல்ல இருவர், ஐவர், ஒன்பது பேர் என்று மற்றவர்களும் திரும்பினார்கள். அவர் குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினால் அவர்கள் கை கழுவுவார்கள். என்னோடு நன்றாகத்தான் கதைத்தார். தோணியைப் பற்றிக் கேட்டால் சொல்லுவார், மகளைப் பற்றிச் சொல்லுவார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்கமாட்டார். நான் பீங்கானை வைக்கும்போது அவர் கண் பீங்கானில் இருக்கும், என் முகத்தில் இருக்காது. ஒரு வருடமும் நாலு மாதமும் அப்படிப் போனது. அந்த அறுபத்தைந்து வெள்ளிகளில் எத்தனை தரம் நான் குசினி வாசலில் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு வெள்ளி. நல்ல மழை, வாடைக்காற்று. மரைக்கார் நனைந்துகொண்டு மற்றவர்களுக்கு முன்னால் ஓடிவந்தார். நான் வழக்கம்போல குசினி வாசலை விட்டு ஒதுங்கினேன். அவர் அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டாம் மேசையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தலையைத் துவட்டினார்.

“செபமாலை, இண்டைக்கு என்ன திங்கலாம்?”

நான் வாசலில் இருந்து மேசைக்குப் போனேன். “கடலை ரொட்டி இருக்கு, மீன் இருக்கு” என்றேன். பிறகு சொன்னேன்: “பாணும் திங்கலாம், மரைக்கார். நாலு மணிக்கு வந்து பாத்தனான்.”

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப ரெண்டு துண்டு வெட்டிக்கொண்டா. ஓரத்துண்டாப் பாத்து வெட்டு.”